சூப்பர்வைசர் எழுதிய பக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் உன் கட்டிலோரம்தான் இருக்கிறேன்; நீதான் மயக்க மருந்தில் எங்கோ தொலைவில் இருக்கிறாய். இன்றோடு பதினேழு நாள். கண் விழித்தால் இந்த நாட்கள் எதுவும் உனக்கு ஞாபகம் இருக்காதாம். அதனால் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் எழுதி, தேதியும் கையெழுத்தும் போட வேண்டும் என்று நர்ஸம்மா இந்த நோட்டைத் தந்தார்.

உன் நுரையீரல் இரண்டும் வெந்துவிட்டன. ஒரு மெஷின் தொடை வழியாகக் கறுத்த ரத்தத்தை உறிஞ்சி, காற்றைச் சேர்த்து, சிவப்பாகக் கழுத்தில் ஏற்றுகிறது. மூச்சு விடுவதற்குக்கூட ஆள் வைத்துக்கொண்டாயே, சோம்பேறி.

அம்மா ஒருவேளையாவது சாப்பிடுகிறாள். உன் சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

இன்று உன் சூப்பர்வைசர் வந்தான். நீயே மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிட்டு ரசாயனத் தொட்டிக்குள் இறங்கினாய் என்று கம்பெனியில் சொன்ன அதே ஆள். இந்த நோட்டில் அவனுக்கு மரியாதை கிடையாது. கையில் ஒரு பை நிறைய ஆப்பிள் வேறு. நான் சண்டை போடவில்லை. குழாய்க்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, ரத்தம் போவதையும் வருவதையும் அரை மணி நேரம் பார்க்கவிட்டேன். அவன் முகம் வெளிறியது. என் வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியது.

பிறகு நோட்டை நீட்டினேன். என்னம்மா எழுதறது என்று கேட்டான். மனசுல இருக்கிறத எழுதுங்க சார், எழுந்ததும் தம்பி படிப்பான் என்றேன். அழுதுகொண்டே எழுதினான். மாஸ்க்கெல்லாம் ஸ்டோர் ரூமில் பூட்டியிருந்ததாம். சாவி அவனிடம்தான் இருந்ததாம். ஐந்து நிமிட வேலைதானே என்று உன்னை இறக்கிவிட்டானாம். மன்னிக்க வேண்டுமாம். அடியில் தேதி, கையெழுத்து.

மன்னிப்பாம், மன்னிப்பு! அவன் கண்ணீர் காய்வதற்குள் கீழே ஓடி மூன்று நகல் எடுத்துவிட்டேன். ஒன்று நாளைக்கே தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் கைக்குப் போகிறது. அவனைச் சும்மா விடமாட்டேன்.

அசல் இந்த நோட்டில், முந்தைய பக்கத்தில் இருக்கிறது. அதை அவன் முகத்துக்கு நேரே நீதான் வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

நாளைக் காலை மெஷினுக்குப் போகும் காற்றை நிறுத்தி, உன் நுரையீரல் தாங்குகிறதா என்று பார்ப்பார்களாம். போன வாரம் பத்து நிமிடம்கூட நீ தாங்கவில்லை. இந்த முறையும் முடியாவிட்டால் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கெஞ்ச எனக்கு வராது, உனக்கே தெரியும். அந்த ஒரு பக்கத்தைப் படிக்கிற அளவுக்காவது மூச்சு விடடா.

பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,
உன் அக்கா