எண்பது காட்டும் வரை

மார்ச் 4, செவ்வாய்

மீசை இன்றும் மாட்டிக்கொண்டான். பழைய இரும்பு ஏற்றி வரும் லாரிக்காரன். பெயர் தெரியும், ஆனால் அந்த மீசைக்கு முன்னால் பெயர் எடுபடாது. வண்டிக்கு அடியில் தொங்கும் டிரம் நிறையத் தண்ணீரோடு என் எடை மேடையில் ஏறுவான். இரும்பை இறக்கிய பிறகு கொட்டகைக்குப் பின்னால் போய்க் குழாயைத் திறந்து தண்ணீரையும் இறக்கிவிடுவான். அப்புறம் வந்து காலி எடை போடச் சொல்வான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரும்பு என்று எழுதிவிட்டால் கம்பெனி தண்ணீருக்கு இரும்பு விலை கொடுக்க வேண்டியதுதான். என்னிடம் நடக்குமா? வரும்போது ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை டிரம்மைத் தட்டிப் பார்த்துவிடுவேன். நிறைந்திருந்தால் தொப். காலி என்றால் டங். இன்று போகும்போது டங்.

"தண்ணி எங்கப்பா போச்சு?"

"வெயில்ல மூஞ்சி கழுவுனேங்க்கா."

"ஒரு டிரம் தண்ணிலயா? உன் மூஞ்சி என்ன ஃபுட்பால் கிரவுண்டா?"

டிரம்மை நிரப்பிவிட்டு வந்து மறுபடி எடை போட்டான். சிரித்துக்கொண்டேதான் போட்டான். அவனிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

நல்லபடியாகப் போன நாளைச் சாயங்காலம் மேலாளர் வந்து கெடுத்தார். புதுப் பாதுகாப்பு உத்தரவாம். என்னைப் போல லாரி மேல் ஏறி சரக்கைப் பார்க்கிறவர்கள் இனிமேல் இடுப்பில் பெல்ட் மாட்டித்தான் ஏற வேண்டும். பெல்ட்டும் ஏணியும் தொண்ணூறு கிலோ வரைதான் தாங்கும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நர்ஸ் எடை பார்ப்பார். தேறாதவர்கள் ஸ்டோர் ரூமுக்குப் போக வேண்டும். மேலாளர் சுவரைப் பார்த்தே பேசினார். நான் எவ்வளவு இருப்பேன் என்று அவருக்கும் ஒரு கணக்கு இருக்கும் போல.

நான் போனால் எடை போடும் என் ஜன்னல் அறை ஸ்டோர் அண்ணனுக்கு. தங்கமான மனுஷர். ஆனால் வண்டிக்கு அடியில் யானை தொங்கினாலும் "வாங்க, வாங்க" என்று எடை போட்டு அனுப்பிவிடுவார்.

மாட்டேன். அந்த ஜன்னலை விட்டுக் கொடுக்கவே மாட்டேன்.

மார்ச் 5, புதன்

என் எடை எவ்வளவு? ஊரில் உள்ள லாரிக்கெல்லாம் எடை சொல்கிறவளுக்குத் தன் எடை தெரியாது. மதியம் சாப்பிட்டு முடித்து, பூட்ஸும் ஹெல்மெட்டுமாக மேடையில் ஏறி நின்றேன். ஆனால் எங்கள் மேடை லாரிக்காகக் கட்டியது. இருபது இருபதாகத்தான் எண்ணும், எந்த எண் பக்கமோ அதைக் காட்டும். நூறு என்று காட்டியது. பாவி! கிட்டத்தட்ட நூறா, தாராளமாக நூறா?

அப்புறம்தான் உறைத்தது. தொண்ணூறுக்கு ஒரு பொட்டுக் குறைந்தால்கூட இது எண்பதுக்கு இறங்கிவிடும். அப்படியானால் எனக்கு வேறு தராசு எதற்கு? எண்பது காட்டினால் ஜன்னல். நூறு காட்டினால் ஸ்டோர் ரூம்.

நாத்தனாருக்குப் போன் போட்டேன். புதிதாக ஜூஸ் மிஷின் வாங்கிய நாளிலிருந்து அவளுக்குக் காலே தரையில் பாவவில்லை.

"அண்ணி, சாப்பாட்டையே நிறுத்திடுங்க. வெறும் ஜூஸ்தான். உள்ள இருக்கற அழுக்கெல்லாம் அப்படியே கரைஞ்சு ஓடிடும். நானும் கூடவே இருக்கேன், ரெண்டு பேருமா பண்ணலாம்."

என்ன அழுக்கு, எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "அதெல்லாம் உள்ள இருக்குங்க" என்றாள்.

மார்ச் 6, வியாழன்

காலை: காரட். மதியம்: வெள்ளரிக்காய். சாயங்காலம்: ஆரஞ்சு. உடம்பு காற்றாக இருக்கிறது. இதற்கா பயந்தேன்?

மார்ச் 7, வெள்ளி

பயந்தது சரிதான்.

மார்ச் 8, சனி

வீட்டுக்காரர் முட்டை பொரிக்கிறார். வழக்கமாகச் சமையலறைப் பக்கமே எட்டிப் பார்க்காத மனிதர், இன்று வெங்காயத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி, எண்ணெயில் பொன்னிறமாக வதக்கி, என் மூக்கைத் தேடி வந்து வாசனை விடுகிறார்.

"ஒரு வாய்?"

"வேண்டாம்."

"இல்ல, உப்பு சரியா இருக்கான்னு மட்டும்..."

எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். அங்கே என்ன இருக்கிறது, சோப்புதான். எலுமிச்சை சோப்பு. அதையும் முகர்ந்து பார்த்தேன் என்பதை இங்கே தவிர வேறெங்கும் சொல்ல முடியாது.

மார்ச் 10, திங்கள்

தலைவலி. யார் பேசினாலும் எரிந்து விழுகிறேன். "மேடம், மணி என்ன?" என்று கேட்ட ஒரு டிரைவரிடம், "ஏன், நான் என்ன கடிகாரமா?" என்றேன். பாவம், அடுத்த லாரிக்காரரிடம் போய்க் கேட்டுக்கொண்டார்.

மேடை: நூறு.

நாத்தனார் போனில் பீட்ரூட்டுக்கு மாறச் சொன்னாள். தனக்குப் பசியே மறந்துவிட்டதாம். பேசும்போது ஏதோ மொறுமொறுவென்று சத்தம் கேட்டது. "என்ன சத்தம்?" என்றேன். "லைன் சரியில்ல அண்ணி" என்றாள்.

மார்ச் 11, செவ்வாய்

பீட்ரூட் குடித்துவிட்டு இன்று காலை கழிவறையில் அலறினேன். வீட்டுக்காரர் ஓடி வந்தார். ரத்தம் இல்லை, நேற்றைய ஜூஸ்தான் என்று அவருக்கு விளங்க வைப்பதற்குள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அழுக்கு ஓடுகிறதோ இல்லையோ, மானம் ஓடுகிறது.

மார்ச் 13, வியாழன்

எண்பது! எண்பது! எண்பது!

காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்தேன். எழுந்ததிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பூட்ஸைக் கழற்றினேன், ஹெல்மெட்டை வைத்தேன், கைக்கடிகாரம், வளையல், சாவிக்கொத்து எல்லாவற்றையும் ஜன்னல் விளிம்பில் அடுக்கினேன். வெறுங்காலோடு ஏறினேன். எண்பது. அன்றைக்கு நூறு, இன்றைக்கு எண்பது! வித்தியாசம் இருபது கிலோ என்று நாத்தனாருக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். உண்மையில் நாலோ ஐந்தோதான் இருக்கும், எனக்குத் தெரியாதா? அவளுக்குத் தெரியாதே.

மார்ச் 14, வெள்ளி

தேறிவிட்டேன்! எண்பத்தொன்பதே முக்கால். நர்ஸ் எடையைப் பார்த்ததைவிட என் முகத்தைத்தான் அதிகம் பார்த்தார்.

"உதடெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

"எல்லாம் சாப்பிடறேனே. காய், பழம்..."

"மென்னு சாப்பிடறீங்களா, குடிக்கறீங்களா?"

இந்தம்மா நர்ஸா, போலீஸா? பெல்ட்டை வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

அதே நாள், சாயங்காலம்

எப்படி எழுதுவது? எழுதத்தான் வேண்டும்.

மதியம் மீசையின் வண்டி வந்தது. சரக்கோடு நிறை எடை போட்டேன். டிரம் தொப். புது பெல்ட்டை மாட்டி ஜம்மென்று ஏணியில் ஏறினேன். உச்சிக்குப் போனதும் கண்ணுக்கு முன்னால் எல்லாம் கறுத்தது. இரும்புக் குவியலுக்கு நடுவே யாரோ தூக்கிப் போட்ட பழைய குளியல் தொட்டி ஒன்று கிடந்தது. அதற்குள் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை.

கீழேயிருந்து மீசை கத்தினான்: "அக்கா, குளிக்கறீங்களா?"

பதில் வராததால் பயந்துபோய் அவனே ஏறி வந்தான். சட்டைப் பையிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கொடுத்தான். வாங்கி முழுதாக வாயில் போட்டேன். ஜூஸாவது மண்ணாவது! இன்னொன்று கொடுத்தான். அதையும் தின்றேன். கையைப் பிடித்து, ஒவ்வொரு படியாகச் சொல்லி இறக்கிவிட்டான். நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு இரும்பை இறக்கப் போனான்.

திரும்பி வந்து காலி எடைக்கு நின்றான். எனக்கு எழுந்து போகத் தெம்பில்லை. தட்டிப் பார்க்கவில்லை. திரையில் இருந்ததை அப்படியே எழுதிச் சீட்டைக் கொடுத்தேன். "உடம்பப் பாத்துக்கங்க அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். எவ்வளவு நல்லவன் என்று நினைத்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன் — கொட்டகைக்குப் பின்னாலிருந்து என் மேடை வரைக்கும் ஈரக் கோடு. பிஸ்கட் கொடுத்த கையாலேயே குழாயையும் திறந்திருக்கிறான் படுபாவி!

கேட்டில் இருப்பவருக்குப் போன் போட்டு வண்டியை நிறுத்தினேன். மீசை திரும்பி வந்து தலையைச் சொறிந்தான்.

"இன்னிக்கு நீங்க தட்ட மாட்டீங்கன்னு தோணுச்சுக்கா. பழக்க தோஷம்."

திட்ட வாயைத் திறந்தேன். வரும்போது நிறைய, போகும்போது காலி, நடுவில் போனதெல்லாம் இரும்பு என்று கணக்கு... ஏன்டி, நீ பண்ணினது என்ன? அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டு, பூட்ஸோடு ஏறினாய். நேற்று வெறும் வயிறு, வெறுங்கால். நடுவில் டேங்கைத் திறந்து விட்டுவிட்டு, போனதெல்லாம் கொழுப்பு என்று போட்டோ எடுத்து அனுப்பினாயே! அவன் கம்பெனியைத்தான் ஏமாற்றினான். நீ?

இன்றைக்கு என்னை யாராவது தட்டிப் பார்த்திருந்தால் டங் என்றுதான் கேட்டிருக்கும்.

ஜன்னலுக்காகத்தான் இவ்வளவும். ஜன்னல் கையில் இருந்தது, பார்க்கக் கண் இல்லை. தொட்டி இல்லாமல் இருந்திருந்தால், பெல்ட் இருந்தும் இரும்பு மேலேதான் விழுந்திருப்பேன்.

வீட்டுக்காரர் முட்டை பொரித்தார். உப்பு சரியாக இருந்தது.

மார்ச் 17, திங்கள்

இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டேன், தண்ணீர் குடித்தேன். மேடை: நூறு. டேங்க் நிரம்பிவிட்டது, அவ்வளவுதான்.

யாருக்கும் தெரியாது. நான் வாயைத் திறக்காவிட்டால் அடுத்த பரிசோதனை வரைக்கும் ஜன்னல் என்னுடையது. காலையிலிருந்து இதையே புரட்டிக்கொண்டிருந்தேன். மீசையைக் கேட்டில் நிறுத்தி மறுபடி எடை போட வைத்த நான் எந்த முகத்தோடு சும்மா இருப்பது? மதியம் சாப்பிட்டுவிட்டு நேராக நர்ஸ் அறைக்குப் போனேன்.

"மறுபடி எடை பாருங்க. அன்னிக்குப் போட்டது காலி எடை."

நர்ஸ் சிரிக்கவில்லை. எடை பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார்.

"ஜூஸ் குடிச்சே இருந்தா சீக்கிரம் குறையற மாதிரிதான் இருக்கும். போனதுல பாதிக்கு மேல தண்ணி. சதையும் கொஞ்சம் போயிருக்கும். கொழுப்பு கொஞ்சந்தாங்க. மென்னு சாப்பிட்டாத்தான் பசி அடங்கும். பழத்தப் பழமாவே சாப்பிடுங்க, ரெண்டு வேளை முட்டையோ பருப்போ சேத்துக்கங்க, நடங்க. மெதுவாத்தான் குறையும். ஆனா குறைஞ்சது திரும்பி வராம இருக்க அதுதான் வழி."

"எவ்ளோ நாள் ஆகும்?"

"அவசரமா?"

ஆமாம், அவசரம்தான் என்று சொல்ல வந்தேன். அழுதுவிட்டேன். மேலாளரிடம் அவரே பேசினார். தேறும்வரை நான் ஸ்டோர் ரூம். சாவியை ஸ்டோர் அண்ணனிடம் கொடுத்தபோது, "எனக்கும் அங்க இஷ்டம் இல்லம்மா, லாரி சத்தத்துல தூக்கம் வராது" என்றார். அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது.

மார்ச் 23, ஞாயிறு

நாத்தனார் வீட்டுக்குப் போனேன். அவள் காய் வாங்கப் போயிருந்த நேரம், அந்தப் புகழ்பெற்ற மிஷினைத் தொட்டுப் பார்க்கலாம் என்று ஜாடி மூடியைத் திறந்தேன். உள்ளே கழுத்து வரைக்கும் பிஸ்கட்.

மூடிவிட்டேன். திரும்பி வந்தவளிடம், "லைன் இப்ப சரியாயிடுச்சா?" என்று மட்டும் கேட்டேன். முகம் பீட்ரூட் ஆனது. அப்புறம் ஜாடியை நடுவில் வைத்து இருவரும் ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டோம். ஏனோ இத்தனை வருஷத்தில் இல்லாத அளவுக்கு அவளைப் பிடித்துப்போனது.

ஏப்ரல் 9, புதன்

ஸ்டோர் ரூம். நட்டுகள், போல்ட்டுகள், ஒரு பல்லி. மதியம் சாப்பிட்டபின் வளாகத்தைச் சுற்றி நடக்கிறேன். நடக்கிற வழியில் மீசையின் டிரம்மைத் தட்டிவிட்டுப் போகிறேன். ஸ்டோர் அண்ணன் ஜன்னலிலிருந்து, "என்னம்மா சத்தம்?" என்கிறார். "டங் அண்ணே, எழுதாதீங்க!"

மே 15, வியாழன்

நர்ஸின் தராசில் முள் மனசில்லாமல் நகர்கிறது. நகர்கிறது என்பதுதான் விஷயம்.

வீட்டுக்காரரும் என்னோடு நடக்க வருகிறார். திரும்பும்போது அவர்தான் மூச்சு வாங்குகிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம்தான் சொன்னேன்.

ஜூலை 9, புதன்

சாப்பிட்ட பிறகுதான் எடை பார்க்க வேண்டும் என்று நானே அடம்பிடித்தேன். "ஊர்ல இல்லாத வழக்கம்" என்று முணுமுணுத்துக்கொண்டே நர்ஸ் பார்த்தார். பிறகு பெல்ட்டை எடுத்து நீட்டினார்.

ஜன்னல் அறையில் ஸ்டோர் அண்ணன் தயாராகப் பையை எடுத்து வைத்திருந்தார். என் நாற்காலியில் அவர் உட்கார்ந்த பள்ளம் ஒன்று இருந்தது. ஜன்னலைத் துடைத்தேன். அப்புறம் ஆசைக்கு ஒரு தடவை பூட்ஸ், ஹெல்மெட், பெல்ட், தண்ணீர் பாட்டில் சகிதமாக மேடையில் ஏறினேன். எண்பது, நூறு, எண்பது, நூறு என்று மாறி மாறி மின்னிக்கொண்டே இருந்தது. அதற்கே குழப்பம். முடிவு தெரிய நான் காத்திருக்கவில்லை, மீசையின் வண்டி பின்னால் வந்து ஹாரன் அடித்தது.

வண்டி மேல் ஏறி உச்சியில் நின்றேன். வளாகம் முழுவதும் தெளிவாகத் தெரிந்தது. இறங்கி டிரம்மைத் தட்டினேன். தொப். சரக்கை இறக்கிவிட்டு வந்தபோதும் தட்டினேன். தொப்.

மீசை கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தான். "எனக்குத் தொப்புக்கா. உங்களுக்கு?"

"சாப்பாடு, ரெண்டு முட்டை, ஒரு வாழைப்பழம்" என்றேன். "எனக்கும் தொப்புதான், போய்ட்டு வா."

சீட்டில் எடையை எழுதிக் கொடுத்தேன்.