கோரையைச் சுற்றிப் போகும் பாதை

என் பிரியமுள்ள அண்ணிக்கு,

ஏரிப் பூங்காவில் பாதை போட்டு முடித்துவிட்டோம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சாப்பிட்டேனா என்பதைக்கூட நீங்கள் அப்புறம்தான் கேட்பீர்கள்.

காய்ச்சல் என்று படுத்தவர், எழுந்துகொள்ளாமலே போய்விட்டீர்கள். கொஞ்ச நாள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரையைச் சுத்தம் செய்ய யாருமே வரவில்லை. பிறகு பால் பூத் சரசு அக்கா துடைப்பத்தோடு தனியாக நிற்பதைப் பார்த்து நானும் போனேன். ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். கல்வராயன் மலையில் உங்கள் அம்மா வீட்டிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தீர்களே, அந்த நாவல் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டாமா? ஒன்றை ஆடு கடித்துவிட்டது. மற்றதெல்லாம் என் தோள் உயரம்.

சிக்கல் உங்கள் பெயரால்தான் வந்தது. தினமும் அங்கே நடக்க வரும் ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவர், நடைபாதைக்குச் சிமெண்ட் கல் தருவதாகச் சொன்னார். நேராக ஒரே பாதை, தொடக்கத்தில் உங்கள் பெயர் போட்ட ஆர்ச். எல்லோரும் கை தட்டினார்கள். நேராகப் போக வேண்டுமென்றால் வடக்கு மூலைக் கோரையை வெட்டியாக வேண்டும். நாமக்கோழி கூடு கட்டுகிற கோரை. குப்பை பொறுக்கக்கூட அங்கே யாரையும் இறங்க விடமாட்டீர்களே!

நான் வேண்டாம் என்றேன். ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு அண்ணன் வாசலிலேயே சத்தம் போட்டார்.

"இன்னா பேசற நீ? ஊரே அவ பேர வைக்கறேன்னுது, நீ வேணான்ற. அவ பேரு நிக்கக் கூடாதா?"

"நிக்கட்டும்ணா. கோரைய வெட்டித்தான் நிக்கணுமா?"

"கோரைதான? திரும்ப மொளைக்கும்."

உங்களை இழந்தவரிடம் பறவைக்காக வாதாடுவது எனக்கே கொடுமையாக இருந்தது. நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? "ஒரு தரம் வந்து பாருண்ணா" என்று மட்டும் சொன்னேன்.

நீங்கள் இருந்தவரை அவர் அங்கே வந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சவாரி ஜாஸ்தி என்பார். மறுநாள் காலையில் வந்தார். கோரைக்குள் ஒரு நாமக்கோழி, நெற்றியில் வெள்ளை நாமத்தோடு, கூட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதன் ஜோடி ஒரு கோரைத் தண்டைக் கவ்விக்கொண்டு நீந்தி வந்து அதனிடம் கொடுத்தது. இது வாங்கிக் கூட்டில் செருகிக்கொண்டது. அது மறுபடி போனது, மறுபடி கொண்டுவந்தது.

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையில் உட்கார்ந்தார்.

"இத்தப் பாக்கத்தான் வாராவாரம் வந்துக்கினு இருந்தாளா?"

ஆமாம் என்றேன். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கடைக்காரரிடம் அவரே போய்ப் பேசினார். "பாதை சுத்திப் போவட்டும் சார். ஆர்ச் வேணாங்க." கடைக்காரர் முகம் சுண்டிப்போனது, ஆர்ச்சில் அவர் கடைப் பெயரும் வருவதாக இருந்தது. ஆனாலும் கல் அனுப்பினார், பாதிதான். மீதி மண் பாதை. மழையில் வழுக்குகிறது. சரசு அக்கா ஒருமுறை விழுந்து எழுந்து, எங்களோடு உங்களையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தார்.

உங்கள் பெயர் எங்கேயும் இல்லை, அண்ணி. உங்களுக்கு வருத்தமா? எனக்குச் சில நாள் இருக்கிறது.

அண்ணன் இப்போது ஞாயிறு காலையில் ஆட்டோ எடுப்பதில்லை. பாதை திரும்புகிற இடத்தில் நின்றுகொண்டு, நடக்க வருகிறவர்களை நிறுத்தி, தண்ணீரைக் காட்டி விளக்கம் சொல்கிறார். நாமக்கோழி, முக்குளிப்பான் எல்லாமே அவருக்கு வாத்துதான். யாரும் திருத்துவதில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் ஒவ்வொன்றின் பெயரையும் அவருக்குப் பழக்கிவிடுகிறேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்கள் நாத்தனார், நீங்கள் தங்கச்சி என்றே கூப்பிட்ட,
செல்வி