திரைக்குள் ஒரு அம்மா

என்னங்க,

அன்றைக்கு போனில் என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். லைன் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன்.

ஆன்லைன் வகுப்புக்காக என் முகத்தையும் குரலையும் கம்பெனியில் பதிவு செய்தார்கள் என்று சொன்னேன் இல்லையா? இப்போது அதை வைத்துக் கணினியே என்னைப் போலப் பாடம் நடத்துகிறது. பிள்ளைகள் எது கேட்டாலும் பதில் சொல்கிறது. நன்றாகவே நடத்துகிறது. எனக்கு வரும் இருமல்கூட அதற்கு வருவதில்லை.

நம் மகளும் அதில்தான் பின்னக் கணக்கு படிக்கிறாள்.

"நான் பக்கத்துலயே இருக்கேனே, என்கிட்ட கேளேன்டி" என்றேன்.

"அந்த அம்மா சலிச்சுக்கவே மாட்டாங்கம்மா" என்றாள். சுருக்கென்றது.

நேற்று துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அவள் திரையிடம் மெதுவாகக் கேட்டது காதில் விழுந்தது.

"எங்கம்மா ஏன் இப்பல்லாம் வேலையே பாக்கறதில்லை? உங்களுக்குத் தெரியுமா?"

"நல்ல கேள்வி! ஆனா அது இந்தப் பாடத்துல இல்லையே. அடுத்த கணக்குக்குப் போலாமா?" என்றது என் குரல், சிரித்துக்கொண்டே.

துணியை அப்படியே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அம்மாவ வேலையிலேர்ந்து நிறுத்திட்டாங்கடா கண்ணு" என்றேன். அவள் திரையை மூடிவிட்டு என் மடியில் சாய்ந்துகொண்டாள்.

குழந்தையிடம் சொன்ன பிறகு உங்களிடம் மறைப்பது சரியில்லை. படித்ததும் கூப்பிடுங்கள். நான் அழுதால் பயந்துவிடாதீர்கள், களைப்புதான்.

உங்கள்
வீட்டுக்காரி