அகலமான படலை

இஞ்சாருங்கோ,

தங்கச்சி வீட்டை, அச்சுவேலிக்குப் போறன். புட்டும் சம்பலும் மூடி வைச்சிருக்கு. வீடு பூட்டின திறப்பு அம்மிக் குழவிக்குப் பின்னாலை.

வேலி அடைக்கேக்கை படலையை ஏன் உவ்வளவு அகலமா வைச்சனீங்கள்? மாடு போய்வரவெண்டு சொன்னியள். எங்கடை ஒற்றை மாட்டுக்கு உவ்வளவு வாசலோ? நேற்று உங்கடை மகன் யோகேசன் அதைக் காலடியாலை அளந்துபோட்டுச் சிரிச்சவன். அப்பனும் மகனும் எனக்கு ஒளிச்சுக் கார் வாங்கப் பேசுறியள். ரண்டு கையையும் விட்டிட்டுச் சைக்கிள் ஓடுற பதினெட்டு வயசுப் பெடியனுக்குக் காரோ?

நான் பின்னேரம் வந்து கதைக்கிறன். அதுவரைக்கும் ஒருதருக்கும் ஓம் எண்டு சொல்லாதேங்கோ.

மகாதேவி

மறந்துபோனன்: படலைக்கு உள்பக்கம் நிக்கிற முருங்கை மரத்திலை கோடாலி சாத்தியிருக்கு, கண்டனான். அதைத் தறிக்காதேங்கோ. பிரேக் பிடிக்காட்டில் பிள்ளை அதிலை முட்டியாவது நிக்கட்டும்.