அம்மாவுக்குக் காது கொடுத்த கருவி

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே அம்மாவும் நானும் சுகம். அம்மாவின் வலது கை இப்போது கரண்டி பிடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டது. எனக்குத்தான் உன் கடிதம் வந்த நாளிலிருந்து உடம்பெல்லாம் கோபம்.

பல்கலைக்கழகத்தோடு மல்லுக்கு நிற்காதே, பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இரு என்று எழுதியிருந்தாய். என் வேலை போய்விடுமே என்ற கவலையில்தான் எழுதினாய், தெரியும். ஆனால் எதில் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டாயா?

பக்கவாதம் வந்து அம்மாவின் பேச்சு குழறிப்போனபோது நீ இங்கே இருந்தாய். கண்டக்டராக இருந்தபோது பஸ் முழுக்கக் கேட்ட குரல் அது. குழறிய பேச்சைப் புரிந்துகொண்டு எழுத்தாகக் காட்டும் கருவியை எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் அப்போதுதான் தொடங்கினோம். முதலில் மாணவர்களின் குரலை வைத்தே அதைப் பழக்கினோம். மேடையில் நல்ல கைதட்டல் வாங்கியது. வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினால் ஊமைக்கோட்டான் மாதிரி இருந்தது. எனக்கு மானம் போய்விட்டது.

அப்புறம்தான் மாணவர்களின் குரலையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். நாக்கு தடித்துப்போன தையல்காரர், திக்கிப் பேசும் பள்ளிக்கூட வாட்ச்மேன், தொண்டையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பாட்டு டீச்சர் என்று ஒவ்வொருவராக உட்கார்ந்து குரல் கொடுத்தார்கள். "இவ்வளவு நேரம் நான் பேசி யாரும் கேட்டதே இல்லம்மா" என்று தையல்காரர் அழுதேவிட்டார். இந்தக் கருவி அரசாங்க ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் என்று அவர்களிடம் வாக்குக் கொடுத்தது நான். பல்கலைக்கழகம் இல்லை, நான்.

இப்போது எங்கள் இயக்குநர் அதை ஒரு கம்பெனிக்குக் கொடுக்கப் போகிறார். மாதாமாதம் சந்தா கட்டினால்தான் கருவி வேலை செய்யும். அந்தக் குரல்களும் கம்பெனிக்கே போய்விடும். அதற்குத்தான் என் கையெழுத்து. போடாவிட்டால் என் பதவி நீட்டிக்கப்படாது.

போன வாரம் கம்பெனிக்காரர்கள் பார்க்க வந்தார்கள். நான் அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். அம்மா பேசப் பேசத் திரையில் ஒரு சொல் விடாமல் வந்தது. இயக்குநருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மைக்கை வாங்கித் தன் பட்டிமன்றக் குரலில் மடமடவென்று பேசினார். திரையில் ஒரு எழுத்துக்கூட வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி பேசினார். அப்போதும் வெறும் திரைதான். அம்மாவைப் போன்றவர்களிடமே வளர்ந்த கருவிக்கு அவருடைய வேகம் பிடிபடவில்லை. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நோயில் விழுந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவர்கள் போன பிறகு அவர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். "பொது நன்மையெல்லாம் சரிம்மா, நடைமுறைன்னு ஒண்ணு இருக்கில்ல?" என்றார். "போட மாட்டேன் சார்" என்றேன். மறுநாள் காலையில் என் அடையாள அட்டைக்கு ஆராய்ச்சிக்கூடத்தின் கதவு திறக்கவில்லை.

அதனால் என்ன? குரல் கொடுத்தவர்கள் எல்லோரும் நாளைக்கு என்னோடு வருகிறார்கள். இயக்குநரின் அறையில் உட்கார்ந்து, என் குரலை விற்காதே என்று ஒவ்வொருவராகச் சொல்லப் போகிறார்கள். கருவியைக் கொண்டுபோகப் போவதில்லை. வாட்ச்மேன் ஒரு வாக்கியம் முடிக்க எவ்வளவு நேரமானாலும் இயக்குநர் காத்திருந்து கேட்கட்டும்.

நீ எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். என் போனில் ஏற்றிவைத்த அந்தக் கருவி இன்னும் இருக்கிறது. அதை வாங்கிப் பேசினாள். திரையில் வந்ததை அப்படியே எழுதுகிறேன்: "டேய், ஸ்டாப்புல நின்ன ஒரு ஆளைக்கூட விட்டுட்டு நான் விசில் ஊதினதில்ல. இப்ப மட்டும் உங்க அக்காவை ஊதச் சொல்றியா?"

அடுத்த முறை போன் செய்யும்போது, புரியவில்லை, அக்காவிடம் கொடு என்று அம்மாவிடம் சொல்லாதே. வேலையைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை கேள். உன்னிடம் நான் கேட்பது அது ஒன்றுதான்.

நீ நன்றாக இருக்க வேண்டும். எங்களுக்குப் பயமில்லை.

என்றும் அன்புடன்,
உன் அக்கா