அறுபது செடிகளில் ஏழு

16 ஜூன் 2025, திங்கள்

கச்சிராயபாளையம் பஸ்ஸில் இன்று என் மடியில் ஒரு காய்ந்த கத்தரிக்காய். பக்கத்து சீட்டுக்காரர் வெகுநேரம் அதையே பார்த்துவிட்டு, "இன்னாம்மா, பரிகாரமா?" என்றார். விதை என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து இருசம்மாள் என்ற விவசாயி கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பியது. முற்றிப் பழுத்து மஞ்சளாகி, கூரையில் தொங்கிச் சுக்காகக் காய்ந்த முழுக்காய். குலுக்கினால் உள்ளே விதை சலசலக்கிறது. பொட்டலம் கட்டித் தரச் சொன்னதற்கு, "காய பார்த்தாதான விதைய நம்புவாங்க" என்றாராம்.

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் என் பொறுப்பில் தனியாகச் சோதனைக்கு வரும் முதல் ரகம். நாலு வருடமாக மற்றவர்களுக்கு ஸ்கேல் பிடித்தவள் நான். இந்தக் கத்தரி வேறு எந்த ரகத்தையும் போல இல்லை, செடிக்குச் செடி ஒரே மாதிரி வருகிறது - இரண்டையும் இந்தப் பருவத்துக்குள் நான் காட்டவேண்டும். காட்டினால் இருசம்மாள் பெயரில் விவசாயி ரகமாகப் பதிவுக்கு விண்ணப்பம் போகும். இல்லாவிட்டால் எங்கள் அதிகாரி விஜயலட்சுமி மேடம் கோப்பை மூடி அலமாரியில் வைத்துவிடுவார். அந்த அலமாரி எனக்குத் தெரியும். உள்ளே போனது எதுவும் வெளியே வந்ததில்லை.

ஒரு நாற்றுக் குழித்தட்டில் இருசம்மாள் விதை. பக்கத்துத் தட்டில் ஒப்பு ரகம், கடையில் கிடைப்பது, இதற்கு ரொம்பக் கிட்டத்துச் சொந்தம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே வித்தியாசம் தெரியும்.

24 ஜூன், செவ்வாய்

முளைத்துவிட்டது. தண்டு ஊதா. ஆசையாகப் பக்கத்துத் தட்டைப் பார்த்தேன். அதுவும் ஊதா! சனியனே, நீயாவது பச்சையாக இருக்கக்கூடாதா?

15 ஜூலை, செவ்வாய்

நடவு. ரகத்துக்கு அறுபது செடி. ராஜாம்பாள் அக்காவும் நானும் மட்டும். அக்கா பதினெட்டு வருடமாக இந்த நிலத்துக்குக் கூலிக்கு வருபவர். கயிறு பிடிக்கமாட்டார், கண்ணாலேயே இடைவெளி வைப்பார். அளந்து பார்த்தேன். அறுபது சென்டிமீட்டர் என்றால் அறுபதுதான். எரிச்சலாக இருந்தது.

மீந்த நாற்றை வரப்போரம் நிழலில் வைத்தோம். எந்தத் தட்டு எது என்று அட்டை செருகவேண்டும். அட்டை அறையிலேயே இருக்கிறது. நாளைக்கு.

20 ஜூலை, ஞாயிறு

திருக்கோவிலூர். பெரியம்மா மகள் நிக்காஹ். பிரியாணி வரிசையில் நிற்கும்போது ராஜாம்பாள் அக்கா போன். நேற்று மழையில் மூலையில் தண்ணீர் நின்றுவிட்டதாம். பார்த்துக்கோங்கக்கா என்றேன். பிரியாணியில் உப்பு கம்மி.

22 ஜூலை, செவ்வாய்

பயந்துகொண்டே போனேன். அறுபதும் நிற்கிறது! ஒன்றுகூடச் சாகவில்லை. இருசம்மாள் விதைக்கு உயிர் கெட்டி.

13 ஆகஸ்ட், புதன்

இலை நீளம், இலை அகலம், இலையின் மேல் முள் உண்டா, ஓரம் எவ்வளவு நெளிகிறது. படிவத்தில் நாற்பதுக்கு மேல் கட்டங்கள். நெளிவு "குறைவு", "நடுத்தரம்", "அதிகம்". ஒரே இலையை மூன்று தடவை பார்த்தால் மூன்று பதில் வருகிறது.

நிறத்துக்கு நிறம் எண் போட்ட வண்ண அட்டை வேறு என்னைக் கெடுத்துவிட்டது. எதைப் பார்த்தாலும் எந்த எண் என்று தேடுகிறேன். இன்று அத்தாவின் லுங்கியை ஊதாக் குழுவில் எழுபத்தொன்பது என்றேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு மறுபடி தொடங்கிவிட்டது.

18 செப்டம்பர், வியாழன்

காய் பிடித்து நன்றாகத் திரண்டிருக்கிறது. இருசம்மாள் கத்தரி முட்டை வடிவம், காம்புத் தொப்பியில் நிறைய முள். ஒப்பு ரகம் கொஞ்சம் நீளம், முள்ளே இல்லை. சந்தோஷமாக எண்ணிக்கொண்டே போனேன். இருசம்மாள் கத்தரியின் கடைசி வரிசையில் முள் இல்லாத ஒன்று. இன்னொன்று. இன்னும்.

ஏழு.

விதையில் கலந்துவரும் வேற்றுச்செடியைக் கலவன் என்போம். விவசாயிகளின் ரகத்துக்கு அறுபதில் நாலு வரை விடலாம். ஏழு என்றால் எப்படி?

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மூன்று மாத வெயில்! வரப்பில் நின்றே இருசம்மாளுக்குப் போன் போட்டேன். உங்க விதை கலப்புங்க, ஏழு செடி வேற, இத வச்சி ஒன்னும் பண்ண முடியாது என்றேன்.

"எங்க வூட்டு விதையா?"

"ஆமாங்க."

"கலப்பா?"

"ஆமாங்க, கலப்புதான்."

வைத்துவிட்டார்.

19 செப்டம்பர், வெள்ளி

மேடமிடம் சொன்னேன். "ஏழு ஜாஸ்தி, அப்ரின். வருத்தந்தான்." அலமாரிச் சாவி மேசைமேலேயே இருந்தது.

21 செப்டம்பர், ஞாயிறு

எடை போட்டு முடித்த காய்களை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன், இரண்டு ரகமும். அம்மா எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு நறுக்கினார். நான் பூண்டு உரித்துக்கொண்டு மூஞ்சியைத் தூக்கிவைத்திருந்தேன்.

"இது இன்னாடி, இதுக்குத் தொப்பிக்குள்ளயும் கலரு கீது? அதுக்கு வெள்ளையா கீது."

பூண்டைப் போட்டுவிட்டு எழுந்தேன். தொப்பியை உரித்தால், முள் கத்தரியில் ஊதா உள்ளேயும் போகிறது. வெயிலே படாத இடம்! கடைக் கத்தரியில் அந்த இடம் வெளுத்துக் கிடக்கிறது. ஒன்று நிறம் பிடிக்க வெயில் கேட்கிறது. மற்றது கேட்கவில்லை. கட்டத்தில் இந்தக் குணம் இருக்கிறது, கடைசிப் பக்கத்தில். நான் இன்னும் அங்கே போகவில்லை.

பதினோரு காயையும் உரித்துவிட்டேன். அம்மா கரண்டியைக் காட்டினார். மெகருன்னிசா பேகம், உங்களுக்கு வேலை போட்டுத் தரச் சொல்கிறேன் என்றேன். "மொதல்ல சம்பளம் எவ்ளோன்னு கேளு" என்றார்.

அப்புறம்தான் தோன்றியது. அந்த ஏழின் தொப்பிக்குள் என்ன நிறம்?

22 செப்டம்பர், திங்கள்

ஏழும் வெள்ளை.

மற்ற ஐம்பத்து மூன்றும் ஊதா. அந்த ஏழையும் ஒப்பு ரகத்தோடு வைத்துக் கட்டம் கட்டமாகப் பார்த்தேன். அச்சு அசலாக அதேதான். சரி, விதையில் கலப்பு என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாக அல்லவா வரவேண்டும்? படம் போட்டுப் பார்த்தேன். ஏழும் தெற்கு மூலையில், ஒன்றையொன்று ஒட்டி. மழைக்குத் தண்ணீர் நிற்கும் மூலை.

ராஜாம்பாள் அக்கா களை எடுத்துக்கொண்டிருந்தார். அக்கா, இந்த மூலையில ஏதாவது பட்டுப்போச்சா?

"ஆமா, ஏழு. அன்னிக்கே பாடுவாசி நட்டுட்டேனே." செத்த இடத்தில் மறுநாற்று நட்டதைச் சொல்லும்போது முகத்தில் பெருமை. நட்ட நிலத்தில் வெறும் குழியை விட்டுவைப்பது அவருக்கு வீட்டைப் பெருக்காமல் விட்ட மாதிரி.

எந்தத் தட்டுலேருந்து எடுத்தீங்க?

"நிழல்ல இருந்துச்சே, அதுலேருந்து. எல்லாம் கத்திரிதான? நீதான போன்ல பார்த்துக்கோங்கன்ன?"

வீட்டுக்கு வந்து இந்த நோட்டையே புரட்டினேன். ஜூலை இருபது. பார்த்துக்கோங்கக்கா என்றேன். என் கையெழுத்துதான். அதற்கு முன்னால் - அட்டை செருகவேண்டும், நாளைக்கு. அந்த நாளைக்கு வரவே இல்லை. அறுபதும் நிற்கிறது என்று குதித்திருக்கிறேன். அறுபதும் நிற்கிறதே, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? இலைக்கு இலை முள்ளை எண்ணுகிறவள்!

அக்காமேல் எனக்குக் கோபமே வரவில்லை. வந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

இருசம்மாளுக்கு நாலு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை.

23 செப்டம்பர், செவ்வாய்

பஸ்ஸில் வரும்போதே யோசனை. ஏழையும் பிடுங்கிவிட்டு, "ஏழு செடிகள் மழையில் இறந்தன" என்று எழுதினால்? அது பொய்கூட இல்லையே. ஜூலையில் எழுதாததைச் செப்டம்பரில் எழுதுகிறேன், அவ்வளவுதான். மார்ச்சில் என் ஒப்பந்தம் முடிகிறது. மேடம் கையெழுத்து வேண்டும்.

உள்ளே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நல்லவள் என்பதால் இல்லை. தொப்பிக்குள் ஊதா என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதைச் சொல்லத் தொடங்கினால் மிச்சமும் வந்துவிடுகிறது.

மேடம் காயை உரித்து உரித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அம்பத்து மூணு செடிய வச்சு எழுதலாம்தான். ஆனா புடிக்காத ஏழத் தள்ளிட்டு எழுதுன மாதிரியே இருக்கும். யாராவது கேட்டா உன்கிட்ட இன்னா சாட்சி? இந்தப் பருவம் செல்லாது. அவங்ககிட்டயே திரும்ப விதை வாங்கி நடு." எனக்கு ஒரு மெமோ. வாங்கிக்கொண்டேன்.

27 செப்டம்பர், சனி

வெள்ளிமலை போய்வந்தேன்.

வழி கேட்டுக் கேட்டுப் போனேன். இருசம்மாள் வீட்டுக்குப் பின்னால் கத்தரி வைத்திருந்த இடம் என்று ஒரு பெண் காட்டினார். மொட்டைத் தரை. ஓரத்தில் வேரோடு காய்ந்த செடிகள் குவியலாக.

இருசம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. என்னைத் திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். திட்டவே இல்லை. உட்காரப் பலகை போட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன் - மழை, தட்டு, அட்டை, என் தப்பு.

"நாலு வூட்டுக்கு நாத்து குடுத்திருந்தேன். கலப்புன்னு தெரிஞ்சும் எப்படி வுடறது? நானே போயி புடுங்கச் சொன்னேன். என்ன நம்பி நட்டாங்க, என்ன நம்பியே புடுங்கிட்டாங்க."

விதைக்காய்? என்றேன்.

"ஆட்டுக்குப் போட்டுட்டேன். படிச்சவங்க சொல்றீங்க. பொய்யா சொல்லப்போறீங்கன்னுதான்."

ஐயோ. நான் இன்னா பண்ணிட்டேன். ஒரே ஒரு போன். வரப்புல நின்னுகினு, வெயில்ல, கோவத்துல, ரெண்டு நிமிஷம். நாலு நாள் பொறுத்திருந்தா என்ன? அவங்க என்ன எப்படின்னுகூடக் கேக்கல. கேட்டிருக்கலாமே. கேக்கற மாதிரியா நான் பேசினேன்?

28 செப்டம்பர், ஞாயிறு

தூக்கமில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. மீந்த நாற்று எப்போதோ காய்ந்துவிட்டது, விதையும் மிச்சமில்லை. அந்தக் கத்தரி இப்போது இருப்பது என் வயலில் மட்டும். ஐம்பத்து மூன்று செடி.

பிடித்த காயை விதைக்கு விட முடியாது. பக்கத்திலேயே ஒப்பு ரகம், நடுவில் தேனீ. இனி விரியப்போகும் மொட்டுக்குத்தான் பை கட்டவேண்டும். விரிவதற்கு முன்பு. அம்மா பழைய துப்பட்டாக்களைக் கிழித்துப் பை தைக்க உட்கார்ந்துவிட்டார்.

29 செப்டம்பர், திங்கள்

நூற்றிருபது மொட்டு கட்டினோம். ராஜாம்பாள் அக்கா கூலி நேரம் முடிந்தும் போகவில்லை. "நான் செஞ்ச வேலதான" என்றார். இல்லக்கா, என் வேலை என்றேன். கொஞ்ச நேரம் இதற்கே சண்டை.

14 அக்டோபர், செவ்வாய்

பன்னிரண்டு பையில்தான் பிஞ்சு. மற்றதெல்லாம் உதிர்ந்துவிட்டது. ஒரு பூ தன் மகரந்தத்தை வைத்தே காய்க்க ஏன் இவ்வளவு யோசிக்கிறது? விடிகாலையில் பையை விரலால் சுண்டிவிட்டால் அதிகம் பிடிக்குமோ? நாளை புது மொட்டுகளுக்கும் பை கட்டி, பாதிக்குச் சுண்டிப் பார்க்கவேண்டும்.

6 டிசம்பர், சனி

பழுத்த காய் நாற்பத்தொன்று. சுண்டினதில்தான் ஜாஸ்தி! கூடையில் வைத்து மலைக்கு எடுத்துப்போனேன்.

இருசம்மாள் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார். நகத்தால் தொப்பியைக் கொஞ்சம் நெம்பி உள்ளே பார்த்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பழுத்து மஞ்சளான பிறகும் அங்கே ஊதாவின் சாயல் இருக்கிறது.

அத ஏங்க பாக்கறீங்க?

"உள்ள கருப்பு இருந்தாதான எங்க காயி. அதப் பார்த்துதான் விதைக்கு வுடறது."

இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?

"தெரியாம? நீங்க யாரும் கேக்கலியே."

நாற்பது கட்டம் வைத்துக்கொண்டு மூன்று மாதம் தேடினேன். விதை வந்த அன்றே ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. விதைக்கென்று அவர் இருபத்தாறை வைத்துக்கொண்டார். மிச்சத்தைச் சமைத்துச் சாப்பிடச் சொன்னார், முற்றல் என்றாலும். மறுபடி விதை தருவீர்களா என்று கேட்டதற்குக் காப்பி கொடுத்தார்.

19 ஜனவரி 2026, திங்கள்

வெள்ளிமலை பஸ் கண்டக்டர் ஒரு பொட்டலம் தந்தார். இந்தத் தடவை காய் இல்லை, வெறும் விதை. காகிதத்தில் பால்பாயிண்ட் பேனாவால் யாரோ எழுதியிருக்கிறார்கள்: "இருசம்மா கத்திரி. கலப்பு இல்ல."

அலுவலகத்துக்குப் போகும்வரை அதை நாலு தடவை படித்தேன்.

26 பிப்ரவரி, வியாழன்

நடவு. ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு அட்டை. மீந்த நாற்றை அன்றே வெளியே அனுப்பிவிட்டேன்.

5 மார்ச், வியாழன்

மூன்று நாற்று பட்டுவிட்டது. எழுதிக்கொண்டேன். குழியைப் பார்த்துப் பார்த்து ராஜாம்பாள் அக்காவுக்கு ஆற்றாமை. "கண்ணுக்கு நல்லாவா கீது?" நன்றாக இல்லைதான்.

31 மார்ச், செவ்வாய்

ஒப்பந்தம் நீட்டிப்பு. மூன்றே மாதம்.

12 மே, செவ்வாய்

மேடமும் நானும் தனித்தனியாக எண்ணினோம். நிற்பது ஐம்பத்தேழு. தொப்பியை உரித்ததும் ஊதா, ஊதா, ஊதா. கலவன் ஒன்றே ஒன்று. வரிசை நடுவில் தன்னந்தனியாக, முள் எல்லாம் சரி, காய் மட்டும் வெளிர்பச்சையில் வரி வரியாக. மேடம் அங்கேயே வரப்பில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். விண்ணப்பம் இந்த வாரம் போகிறது, இருசம்மாள் பெயரில்.

போன் போட்டேன். முதலில் நல்ல சேதியைச் சொன்னேன். அந்த ஒன்றைச் சொல்லாமல் விடலாமா என்று நாக்குத் தயங்கியது. சொல்லிவிட்டேன். உங்க விதையில ஒரே ஒரு செடி மட்டும் வேற மாதிரி வந்திருக்குங்க. பச்சையில வரி போட்ட காய்.

போன வருடத்து "கலப்பா?" வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"வரியா? எங்க, நல்லா பார்த்துச் சொல்லு. மேலேருந்து கீழ வரைக்கும் வருதா, பாதியிலேயே நிக்குதா?"

மேலேருந்து கீழ வரைக்கும் வருதுங்க.

"தொப்பிக்குள்ள?"

ஓடிப்போய் உரித்துப் பார்த்துவிட்டு வந்தேன். பச்சை என்றேன்.

"நான் பார்த்ததே இல்லியே அப்படி ஒன்ன. புடுங்கிடாத பொண்ணு. பை கட்டி வையி. நான் வெள்ளிக்கெழம மொத பஸ்ஸுக்கு வரேன்."