மருதமுத்து விசாரிக்காத சந்தி

இன்று பதுளை பஸ் நிலையத்தில், லுணுகலை பஸ்ஸுக்காக நின்றிருந்த ஒரு பெரியவர் சுருட்டைப் பற்ற வைத்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் என் இடது கை சில்லிட்டுப் போயிற்று. நல்ல வெயில் நேரம். ஆனாலும் மருந்து வாங்கப் போனவன் வாங்காமலே வீட்டுக்குத் திரும்பி, கதவைத் தாழிட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். கணக்குப் படிப்பித்தவன் என்பதால், சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்துகிறேன். நீ சிரிப்பாய், தெரியும்.

1. உன் மருதமுத்து எப்படிப் பிறந்தான்.
2. அந்தச் சந்தியில் பஸ்ஸை மறித்த நாள்.
3. அன்று பயம் என்னுடையது, துணிச்சல் உன்னுடையது.
4. ஏழாவது புத்தகம் ஏன் வரவில்லை.

முதலாவது. நாம் ஒரே பள்ளிக்கூடத்தில் இருந்தோம். நீ சரித்திரம், நான் கணக்கு. தொண்ணூறுகளில் நாடு இருந்த நிலையில் பேய்க்கதை எழுத எப்படி மனம் வருகிறது என்று கேட்டேன். "இப்ப வேற எத எழுதினாலும் உள்ள தூக்கிப் போட்ருவானுங்க வாத்தியாரே, பேய்க்கு மட்டும் ஐடென்டி கார்டு கேக்க மாட்டானுங்க" என்றாய். அப்படி வந்தவன்தான் மருதமுத்து. பகலில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். மாலையானால், பொலிஸுக்குப் பிடிபடாத குற்றங்களை விசாரிப்பவன். உன் பதுளையில் மோகினி ஒருத்தி கடைத்தெருவில் அடகுக்கடை நடத்தினாள். செத்துப்போன போர்ட்டர் ஒருவன் ரயில் நிலையத்தில் இன்னமும் பெட்டி தூக்கினான்.

மருதமுத்துவுக்குச் சாட்சிகள் சாமிகள். தேயிலைத் தொழிற்சாலையில் கொலை என்றால், அங்கே சக்கரத்தைக் காவல் காக்கும் ரோதைமுனியிடம் போவான். மலையில் என்றால், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர்களைக் காக்கும் கவ்வாத்துச் சாமி. வீதி வளைவில் என்றால் அங்கே நட்டிருக்கும் கல். சுருட்டைப் பற்றவைத்துப் படைத்துவிட்டு வாக்குமூலம் எடுப்பான். "சாமி பொய் சொல்லாது. ஆனா கேக்காததையும் சொல்லாது." எல்லாப் புத்தகத்திலும் இந்த வரி வந்தது. குற்றம் நடந்த இடத்தை அவன் மிதித்தால் இடது கை குளிர்ந்துபோகும். ஆள் சரியான பயந்தாங்கொள்ளி.

"இது யாருன்னு தெரியுதா?" என்று என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாய். எனக்குக் கோபம். நீ சமாதானம் சொன்னாய்: "தைரியசாலி பாத்துட்டுப் போயிருவான்டா. பயந்தவன்தான் நின்னு பாப்பான்." பிழை திருத்தும் வேலையையும் எனக்கே தந்தாய். மோகினியின் வட்டிக்கணக்கைக்கூட நான் சரிபார்த்தேன்.

இரண்டாவது. எந்தச் சந்தி என்று இப்போதும் எழுத மாட்டேன். பெரகலையிலிருந்து கொஸ்லந்தைப் பக்கம் போகும் வழியில் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஏழாவது புத்தகத்துக்காக ஒரு தொழிற்சாலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். மத்தியானமே பனி இறங்கியிருந்தது. சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். உன் பைக்குள் எழுதிய தாள்கள். அவற்றோடு தொழிற்சாலையின் படம்: எந்தக் கதவு எங்கே, எஞ்சின் அறை எங்கே, காவல்காரன் எப்போது சாப்பிடப் போவான், எல்லாம் உன் கையெழுத்தில். ஒரு தமிழனின் பையில் அந்தக் காலத்தில் அப்படியொரு படம் இருந்தால் அவன் எங்கே போய்ச் சேருவான் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

"இது என்னா? பெக்டரி மெப்?" சார்ஜன்ட்டுக்குக் கொச்சைத் தமிழ் வந்தது.

"கதைக்கு மாத்தயா."

"கதைக்கு என்னாத்துக்கு மெப்?"

"கொலைகாரன் எந்தக் கதவால வந்தான்னு சரியாச் சொல்லணும் இல்லீங்களா."

"யாரு கொலைகாரன்?"

"அது இன்னும் எழுதலைங்க."

"நீதானே எழுதறது? ஒனக்குத் தெரியாதா?"

வரிசையில் பின்னால் நின்ற தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா வாயைத் திறந்தாள். "மருதமுத்து கதையாங்க? எங்க தோட்டத்து லயத்துல எல்லாம் படிக்கிறோம் சார். போன தடவ கங்காணி பொண்டாட்டிய யாரு கொன்னான்னு சொல்லாமலே நிப்பாட்டிட்டாரு இந்தாளு. அதுக்கு வேணும்னா புடிச்சி உள்ள வைங்க."

வரிசை சிரித்தது. சார்ஜன்ட்டும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, நம் இருவரை மட்டும் சாவடிக்குப் பின்னால் வரச் சொன்னார்.

அங்கே ஒரு பழைய களஞ்சியம் இருந்தது. கதவில் பூட்டு. பக்கத்து மரத்தடியில் குங்குமம் காய்ந்த ஒரு கல். சுடப்போகிறார் என்றே நினைத்தேன். அவரோ அந்தப் பூட்டிய கதவுக்கு முதுகைக் காட்டாமல் நின்றார். குரல் தாழ்ந்தது.

"நான் இங்க புதுசு. இந்த ரூம்ல ஒருத்தனும் தூங்க மாட்டான். உள்ள ஆள் இருமுது. தெறந்தா ஆள் இல்ல. எனக்கு முந்தி இங்க என்னா நடந்ததுன்னு ஒருத்தனும் சொல்றதும் இல்ல." கல்லைக் காட்டினார். "ஒங்க ஆள் சாமிகிட்ட கேப்பான் இல்லையா? இதுகிட்ட கேக்க ஏலுமா?"

நீ அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு சொன்னாய்: "கேக்கலாம் மாத்தயா. ஆனா சாமி என்ன சொல்லுதோ அத எழுதிக் குடுக்கணும். அதான் அந்த ஆளோட வழக்கம்."

சார்ஜன்ட் பூட்டைப் பார்த்தார். அப்போது எனக்கு இருமல் கேட்டது. உள்ளேயிருந்தா, சாவடியிலிருந்தா என்று இன்றுவரை நிச்சயமில்லை. அவர் பையை உன் நெஞ்சில் திணித்தார். "எழுத வேணாம். போ."

பஸ்ஸில் ஏறியதும் அந்த அம்மா கேட்டாள், "என்னங்க வாத்தியாரு, அடி விழுந்துச்சா?" "ஒங்க பேரச் சொன்னேன், விட்டுட்டாங்க" என்றாய் நீ. பஸ் முழுக்கச் சிரிப்பு. நான் சீட்டுக் கம்பியைப் பிடித்த கையைப் பதுளை வரும்வரை எடுக்கவில்லை.

மூன்றாவதை நான் விளக்க வேண்டியதில்லை. மேலே நடந்ததே விளக்கம். என் வேலை நிமித்தம் அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை அந்தச் சந்தியால் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கதவுக்கு முன்னால் நீ நின்ற விதத்தை நினைத்துக்கொள்வேன். அவன் நின்றானே, நான் ஜன்னலோரம் உட்காரவாவது மாட்டேனா என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். பஸ் கடந்துவிடும்.

நான்காவது. ஏழாவது புத்தகம் வரவேயில்லை. கடைக்காரர்கள் கேட்டார்கள், லயத்துப் பிள்ளைகள் கேட்டார்கள். அச்சுக்கூலி கூடிவிட்டது என்றாய். நான் நம்பினேன். ஒருமுறை மட்டும், பாடவேளை முடிந்து படியிறங்கும்போது, "மருதமுத்துவ அந்தக் கல்லுகிட்ட கூட்டிட்டுப் போனேன்டா. அவன் கேக்க மாட்டேங்குறான்" என்றாய். வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தேன். நீ சிரித்தாயா என்று ஞாபகமில்லை.

சாவடியைப் பிறகு எடுத்துவிட்டார்கள். களஞ்சியத்தையும் இடித்தார்கள். கல் இருக்கிறது. அங்கே யார் இருமினார்கள் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்காததால் யாரும் சொல்லவுமில்லை.

போன வருஷம், நீ செத்துப்போய் எட்டாம் நாள், கொஸ்லந்தையில் உன் மகள் வீட்டில் இருந்தேன். அந்தச் சந்தி வழியாகத்தான் வந்தேன் என்றதும் அவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்பா அந்தப் பக்கமே வர மாட்டாரு மாமா. எல்ல, வெல்லவாயன்னு சுத்திக்கிட்டுத்தான் வருவாரு. ஏம்ப்பா இப்புடி அலையிறீங்கன்னா, அந்தப் பஸ்லதான் சீட்டு கெடைக்கும்பாரு. ஒரு தடவ தெரியாம இந்தப் பஸ்ல ஏறிட்டாரு. பெரகலையில எறங்கி, மழையில நனைஞ்சிக்கிட்டு திரும்பிப் போயிட்டாரு."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியமே வாங்குனாரு. 'நான் பயப்படலன்னு நெனச்சிக்கிட்டுத்தான் அவன் பஸ் ஏறுறான். அதக் கெடுத்துராதே'ன்னாரு."

அடுத்த வாரம் உன் பேத்திக்குக் காது குத்து. நான் போயாக வேண்டும். வெல்லவாய வழியாகச் சுற்றினால் பாதி நாள் போய்விடும், என் முதுகு தாங்காது. சந்தி வழியாகப் போனால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மூடினால் அந்தக் கதவுக்கு முன்னால் நீ நிற்பாய். இத்தனை காலம் நான் கவனிக்காத ஒன்று இப்போது அதில் தெரிகிறது. நீ அசையாமல் நின்றதற்குக் காரணம் துணிச்சல் இல்லை. உனக்குக் கால் வரவில்லை.

ஆகவே மேலே எழுதியதில் மூன்றாவது பிழை. பிழை திருத்துவதே உன்னிடத்தில் எனக்கிருந்த வேலை. ஆனாலும் அந்த ஒரு வரியை அடிக்காமல் விடுகிறேன். அது இல்லாமல் எனக்கு அந்தச் சந்தியைக் கடக்கத் தெரியாது.